யானாச்செக்கின் இசை ஏன் இப்படித் துண்டு துண்டாகக் கேட்கிறது?

கேள்வி: செக் நாட்டு இசை என்றால் எல்லோரும் டுவோராக், ஸ்மெட்டனா என்கிறார்கள். இருவரையும் எனக்குப் பிடித்திருக்கிறது. லெயோஷ் யானாச்செக் என்பவரைக் கேட்டால் மட்டும் மெட்டு தொடங்கிய உடனே அறுந்துபோகிறது. அப்படி என்ன இருக்கிறது இவரிடம்? எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: நான் இசை படித்தவன் இல்லை. நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், யானாச்செக் எனக்குப் பிடிபட்டதே அந்த வேலையால்தான்.

சாட்சிக் கூண்டில் நிற்பவர் ‘எனக்குத் தெரியாது’ என்கிறார். ஒருவர் உண்மையிலேயே தெரியாமல் சொல்கிறார். இன்னொருவர் ‘தெரி’ வரைக்கும் குரலை ஏற்றி, ‘யாது’வைக் கீழே போட்டு உடைக்கிறார், ஆளை விடுங்கள் என்று அர்த்தம். மூன்றாமவர் வாயைத் திறக்கும் முன் அரை நொடி வக்கீலைப் பார்த்துக்கொள்கிறார். என் நோட்டில் மூன்றுக்கும் ஒரே கோடு, ஒரே வளைவு. தட்டச்சு ஆகி வரும்போது மூவரும் ஒரே பதிலைச் சொன்னதாகத்தான் இருக்கும். சொன்னது ஏட்டில் ஏறும், சொன்ன விதம் ஏறாது. இது எனக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரமே உறுத்தியது. ஓய்வு பெறும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

யானாச்செக் ஏட்டில் ஏற்றியது அந்தச் ‘சொன்ன விதத்தை’த்தான். 1897 வாக்கில் தொடங்கி, 1928இல் சாகும்வரை, சட்டைப் பையில் ஒரு குறிப்பேட்டோடு அலைந்தார். சந்தையில் பேரம் பேசுகிறவர்கள், ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், தெருவில் விளையாடும் பிள்ளைகள் என்று யார் வாயிலிருந்து என்ன வந்தாலும் அதன் ஏற்ற இறக்கத்தை ஐந்து கோடு இழுத்துச் சுரமாகக் குறித்துக்கொள்வார். யார் சொன்னது, எங்கே, எந்த மனநிலையில் என்பதையும் பக்கத்தில் எழுதிவைப்பார். பறவைகளையும் விடவில்லை, ஓடும் நீரையும் விடவில்லை. ஸ்மெட்டனாவின் மகளைச் சந்தித்தபோது அந்த அம்மையாரின் பேச்சையும் குறித்துவைத்தார். தந்தையின் குரல் அதில் எங்காவது ஒட்டியிருக்குமோ என்ற ஆசையாக இருக்கலாம். முதுமையில் நொடியை ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளக்கும் கருவி ஒன்றைக்கூட வைத்துக்கொண்டு, ஒரு சொல் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று பார்த்தார். இந்தக் குறிப்புகளை அவர் ‘பேச்சின் மெட்டுகள்’ என்று அழைத்தார்.

இந்தக் குறிப்பேட்டிலிருந்து வெட்டி எடுத்து ஓபராவில் (பாடியே நடிக்கும் இசை நாடகத்தில்) ஒட்டினார் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு, அப்படிச் சொன்னபோதெல்லாம் அவரே மறுத்திருக்கிறார். அவருக்கு அது பயிற்சி. கோபம் எந்த இடைவெளியில் ஏறும், பொய் எங்கே இடறும், துக்கம் எந்தச் சுரத்தில் நின்றுவிடும் என்று காது பழகிக்கொள்வதற்கான பயிற்சி.

இனி உங்கள் ‘அறுந்துபோகிறது’ என்ற புகாருக்கு வருகிறேன். டுவோராக் ஒரு மெட்டைக் கையில் எடுத்தால் அதை வளர்த்து, நாலு ஊர் சுற்றிக் காட்டி, பத்திரமாக வீட்டில் கொண்டுவந்து விடுவார். யானாச்செக் நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விடுவார். (இருவரும் நண்பர்கள். 1877இல் செக் நாட்டின் மேற்குப் பகுதியான பொஹீமியாவில் சேர்ந்து நடைப்பயணம் போனவர்கள்.) மனிதர் பேசும்போது ஒரு மூச்சில் வருவது நான்கைந்து சொற்கள்தான். மனம் மாறினால் அடுத்த வாக்கியத்தின் சாயலே மாறிவிடும். அங்கே யாரும் பாலம் கட்டுவதில்லை. யானாச்செக்கும் கட்டவில்லை. ஐந்தாறு சுரம் கொண்ட சிறு துணுக்கு வரும், பிடிவாதக் குழந்தைபோல் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். அடியில் வேறொரு துணுக்கு வேறு வேகத்தில் ஓடும். திடீரென்று இரண்டும் நின்று மூன்றாவது தொடங்கும். மெட்டை எதிர்பார்த்து உட்காராமல், பக்கத்து அறையில் இரண்டு பேர் சண்டை போடுவதை ஒட்டுக்கேட்பதுபோலக் கேட்டுப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் திறந்தது.

அவர் பிறந்தது 1854இல், இன்றைய செக் நாட்டின் கிழக்குப் பகுதியான மொராவியாவில் ஹுக்வால்டி என்ற மலையடிக் கிராமத்தில். அன்று அது ஆஸ்திரியப் பேரரசின் பகுதி. அப்பா பள்ளி ஆசிரியர், வீடு நிறையப் பிள்ளைகள். அந்தப் பகுதியின் வட்டார வழக்கில் நெடில்கள் எல்லாம் குறுகிவிடும். பேச்சு வெட்டு வெட்டாக இருக்கும். அவர் கடைசிவரை அப்படித்தான் பேசினார். அவருடைய இசையின் வெட்டுக்கும் அதுவே காரணம் என்பவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் வசதியான விளக்கமாகப் படுகிறது. அந்த வழக்கைப் பேசிய மற்ற யாரும் இப்படி எழுதவில்லையே.

11 வயதில், 1865இல், பிர்னோ நகரின் அகஸ்டீனிய மடத்துக்குப் பாடகர் குழுப் பையனாக அனுப்பப்பட்டார். மறு ஆண்டு அப்பா இறந்துபோனார். அதே மடத்தில் ஒரு துறவி பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணிக்கொண்டிருந்தார். அவர்தான் மரபியலின் தந்தை எனப்படும் கிரெகர் மெண்டல். பட்டாணி ஆராய்ச்சியை அவர் முதன்முதலாகப் பொதுவில் வாசித்ததும் அந்த 1865இல்தான். 1884இல் மெண்டல் இறந்தபோது சடங்கில் ஆர்கன் என்ற தேவாலய வாத்தியத்தை வாசித்தவர் யானாச்செக். எவரும் பொருட்படுத்தாத சின்னஞ்சிறு விஷயத்தை ஆண்டுக்கணக்காகக் குறித்துவைக்கும் பித்து அந்த மடத்துக் காற்றில் இருந்ததோ என்னவோ.

பிராகில் ஆர்கன் பள்ளியில் படித்தபோது பியானோ வாடகைக்கு எடுக்கக்கூடக் காசு கிடையாது. மேசைமேல் சாக்கட்டியால் கட்டைகளை வரைந்து விரல் பழகினார் என்பார்கள். பிறகு லைப்சிக், வியன்னா. பிறகு மறுபடி பிர்னோ. 1881இல் அங்கே ஓர் ஆர்கன் பள்ளியைத் தொடங்கி 1919 வரை நடத்தினார். அதே ஆண்டு தன் மாணவி ஸ்டென்காவை மணந்தார். மணமகளுக்கு 16 வயதுகூட முடியவில்லை. அவள் குடும்பம் வீட்டில் ஜெர்மன் பேசும் குடும்பம். இவரோ வெறிகொண்ட செக், அதற்கும் மேல் ரஷ்யப் பித்து. பிள்ளைகளுக்கு ஓல்கா, விளாடிமீர் என்று பெயர் வைத்ததிலேயே தெரியும். விளாடிமீர் இரண்டரை வயதில் 1890இல் இறந்தான்.

ஓல்காவைப் பற்றிச் சொல்லாமல் ‘யெனூஃபா’ என்ற ஓபராவைப் பற்றிச் சொல்ல முடியாது. கப்ரியெலா பிரெய்சோவாவின் நாடகம் ஒன்றை எடுத்து, செய்யுளாக மாற்றாமல், உரைநடையை அப்படியே பாட வைத்தார். அந்நாளில் அது பெரிய துணிச்சல். கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்ற பெண் யெனூஃபா. ஊர்ப் பழிக்கு அஞ்சி அவளுடைய சிற்றன்னை அந்தக் குழந்தையை எடுத்துப்போய் உறைந்த நீருக்கடியில் தள்ளிவிடுகிறாள். சிற்றன்னை கொடுமைக்காரி அல்ல, ஊரே மதிக்கும் பெண். அதுதான் அடிவயிற்றைப் பிசையும் இடம். ஓபரா, மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலஃபோனில் ஒரே சுரம் தட்டத் தட்டத் தொடங்கும். மில்லின் சக்கரம் சுற்றுகிறது. கதை முழுக்க அதன் பற்களுக்கு இடையில் போகப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

அவர் அதை எழுதி முடிக்கும் காலத்தில் ஓல்கா ரஷ்ய மொழி கற்கப் பீட்டர்ஸ்பர்க் போய், டைபாய்டு கண்டு திரும்பி வந்தாள். படுக்கையில் கிடந்த மகள் கேட்டுக்கொண்டதால் ஓபரா முழுவதையும் பியானோவில் வாசித்துக் காட்டினார். 1903 பிப்ரவரி 26 அன்று ஓல்கா இறந்தாள். வயது 20. ஓபரா அவள் நினைவுக்குக் காணிக்கையானது.

அந்தக் கடைசி நாட்களில் மகள் பேசியவற்றையும் அவர் சுரமாகக் குறித்துவைத்திருக்கிறார். இதை முதலில் படித்தபோது எனக்குக் குமட்டியது. பெற்ற மகள் சாகக் கிடக்கும்போது எந்த அப்பன் பென்சிலை எடுப்பான்? பல வருடம் கழித்து ஒரு கொலை வழக்கில், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயின் சாட்சியத்தை எழுதிக்கொண்டிருந்தேன். நீதிமன்றத்தில் பாதிப் பேர் அழுதார்கள். என் கண்ணிலும் நீர் வழிந்தது. கை மட்டும் தன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனது, ஒரு கோடு பிசகவில்லை. அன்றிரவு யானாச்செக்கின் நினைவு வந்தது. அவர் செய்தது சரியென்று இப்போதும் சொல்லமாட்டேன். ஆனால் அது கல்நெஞ்சம் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

1904 ஜனவரியில் ‘யெனூஃபா’ பிர்னோவில் அரங்கேறியது. ஊர் கொண்டாடியது. பிராக் தேசிய அரங்கம் திரும்பிப் பார்க்கவில்லை. காரணம் அற்பம்: அங்கே இசைத் தலைவராக இருந்த கோவர்ஷோவிட்ஸ் இளவயதில் எழுதிய ஓர் ஓபராவை 1887இல் யானாச்செக் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். கோவர்ஷோவிட்ஸ் அதை மறக்கவில்லை. 12 ஆண்டுகள் ஓடின. கடைசியில் 1916 மே மாதம், கோவர்ஷோவிட்ஸ் தன் கைப்பட வாத்திய அமைப்பைத் திருத்தியும் வெட்டியும் மேடையேற்றினார். யானாச்செக்குக்கு 62 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பிறகு எழுத்தாளர் காஃப்காவின் நண்பர் மாக்ஸ் ப்ரோட் ஜெர்மனில் மொழிபெயர்க்க, 1918இல் வியன்னா, 1924இல் நியூயார்க். ஆனால் பல பத்தாண்டுகள் உலகம் கேட்டது கோவர்ஷோவிட்ஸ் ‘மெருகேற்றிய’ வடிவத்தைத்தான். யானாச்செக் எழுதியபடியே கேட்கக் கிடைத்ததற்கு நடத்துநர் சார்ல்ஸ் மக்கெராஸ் போன்றவர்களின் உழைப்பு காரணம். பதிவு வாங்கினால் மக்கெராஸ் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

அந்தக் காத்திருப்புக் காலத்துப் படைப்பு ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1905 அக்டோபர் 1 அன்று, பிர்னோவில் செக் மொழிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று மக்கள் தெருவில் இறங்கினார்கள். ஃபிரான்டிஷெக் பாவ்லீக் என்ற 20 வயது மரவேலைத் தொழிலாளி சிப்பாயின் துப்பாக்கிக் கத்தியில் குத்துப்பட்டு இறந்தான். யானாச்செக் அவனுக்காக பல பகுதிகள் கொண்ட ஒரு பியானோ சொனாட்டா எழுதினார். அந்தத் தேதியே அதன் பெயர். 1906 ஜனவரியில் அரங்கேற்றத்துக்கு முன்னால் மூன்றாம் பகுதியை எரித்துவிட்டார். பிறகு மற்ற இரண்டையும் பிராகில் ஓடும் வல்டவா ஆற்றில் வீசினார். தாள்கள் முழுகாமல் வெள்ளை அன்னங்கள்போல மிதந்துபோயின என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். நல்லவேளையாக, வாசித்த பியானோ கலைஞர் லுட்மிலா துச்கோவா ஒரு பிரதி எடுத்து ஒளித்துவைத்திருந்தார். அதை 1924இல்தான் வெளியே எடுத்தார். இன்று நாம் கேட்கும் இரண்டு பகுதிகள் அந்த அம்மாவின் கைங்கரியம். நகல் எடுப்பவர்களுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தப் பல்கலைக்கழகம் 1919இல் வந்தது. 1925இல் யானாச்செக்குக்கு அது கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்தை அவர் பெருமையோடு தன் கையெழுத்தில் சேர்த்துக்கொண்டார்.

1917க்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான். 63 வயதுக்கு மேல், பதினோரு ஆண்டுகளில், ‘காட்யா கபனோவா’, ‘தந்திரக்கார நரிக்குட்டி’, ‘மக்ரோபுலோஸ் விவகாரம்’, ‘மரித்தோர் வீட்டிலிருந்து’ என்று அடுத்தடுத்து ஓபராக்கள். இரண்டு நால்வாத்திய இசைப்படைப்புகள். ‘சின்ஃபொனியெட்டா’. பழைய ஸ்லாவிய மொழியில் தேவாலய வழிபாட்டு இசையான ‘கிளகோலிட்டிக் திருப்பலி’. கடைசியாகச் சொன்னதற்கு விமர்சனம் எழுதிய லுட்விக் குந்தெரா, யானாச்செக்கை இப்போது விசுவாசியாகிவிட்ட கிழவர் என்று குறிப்பிட, அஞ்சலட்டையில் பதில் போனது: கிழவனும் இல்லை, விசுவாசியும் இல்லை, தம்பி! (இந்த லுட்விக், நாவலாசிரியர் மிலன் குந்தெராவின் தந்தை.)

வழக்கமாக இதற்கெல்லாம் காரணமாகச் சொல்லப்படுபவர் கமிலா ஸ்டோஸ்லோவா. 1917இல் லுஹாச்சோவிட்ஸே என்ற சுகவாச ஊரில் சந்தித்தார். அவர் பழம்பொருள் வியாபாரி ஒருவரின் மனைவி, இரண்டு பையன்களுக்குத் தாய், யானாச்செக்கைவிட 37 வயது இளையவர், இசையில் பெரிய ஈடுபாடு இல்லாதவர். அவருக்கு இவர் எழுதிய கடிதங்கள் 700க்கும் மேல். கமிலா எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை, அவர் கேட்டுக்கொண்டபடியே யானாச்செக் எரித்துவிட்டார். ஆகவே நம் கையில் இருப்பது ஒரு தரப்புச் சாட்சியம் மட்டும். காதல் காவியம் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இன்னொரு தரப்பும் இருந்தது. ஸ்டென்கா. அதற்கு முந்தைய ஆண்டே, பிராகில் ‘யெனூஃபா’வின் சிற்றன்னை வேடமேற்ற பாடகியோடு கணவருக்கு ஏற்பட்ட உறவால் மனம் நொந்து உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர். சட்டப்படி விவாகரத்து இல்லாமல் ஒரு பிரிவு ஒப்பந்தம் மட்டும் செய்துகொண்டு, பள்ளித் தோட்டத்திலிருந்த அதே சின்ன வீட்டில் கடைசிவரை அவருக்குச் சமைத்துப்போட்டு வாழ்ந்தார். கணவர் இறந்த பிறகு தன் கதையை இன்னொரு பெண்ணிடம் சொல்லி எழுதவைத்தார். ஊர் மக்கள் ஒவ்வொருவரும் எப்படிப் பேசினார்கள் என்று கேட்டவருக்கு, வீட்டுக்குள் ஒருத்தி என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. இசைக்காக இதை நான் மன்னிப்பதாக இல்லை. இதற்காக இசையைக் கேட்காமல் விடுவதாகவும் இல்லை.

நம் நாட்டோடு ஒரு சின்னத் தொடர்பும் உண்டு. 1921 ஜூனில் தாகூர் பிராகுக்கு வந்து பேசியபோது யானாச்செக் கூட்டத்தில் இருந்தார். வழக்கம்போலக் குறிப்பேடு. தாகூரின் பேச்சைச் சுரத்தில் குறித்து, ‘லிடோவெ நோவினி’ நாளிதழில் கட்டுரையும் எழுதினார். அடுத்த ஆண்டு தாகூரின் கவிதை ஒன்றைச் செக் மொழிபெயர்ப்பில் எடுத்து ஆண்கள் சேர்ந்திசையாக அமைத்தார். இரும்பைப் பொன்னாக்கும் பரிசவேதிக் கல்லைத் தேடி அலைகிறான் ஒரு பித்தன். வழியில் ஒரு சிறுவன், இடுப்பிலுள்ள தங்கச் சங்கிலி எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். அது இரும்பாக இருந்த சங்கிலி. கல்லை எடுத்துச் சங்கிலியில் உரசுவதும், அது மாறியதா என்று பார்க்காமலே கல்லை வீசுவதும் பழக்கமாகிப்போனதால், எந்தக் கல்லில் அது பொன்னானது என்றே அவனுக்குத் தெரியவில்லை. தாகூரின் அத்தனை கவிதைகளில் இவர் கை போய் நின்றது இதில்!

வேலை செய்யும் முறையிலும் ஆள் விசித்திரம். வயதான பின் அச்சடித்த இசைத்தாளை ஒதுக்கிவிட்டார். கோடு காலியாக இருந்தால் எதையாவது நிரப்பத் தோன்றுமாம். வெற்றுத்தாளில், சுரம் வேண்டிய இடத்தில் மட்டும் தானே கோணல்மாணலாக ஐந்து கோடு இழுத்துக்கொள்வார். அதைப் படித்துப் படியெடுத்தவர்களை நினைத்து நான் அனுதாபப்படுகிறேன். அடுத்தவர் கிறுக்கலைத் தட்டச்சுச் செய்தவனுக்குத்தான் அந்த வலி தெரியும். இதன் விளைவு வேடிக்கையானது. தாஸ்தயெவ்ஸ்கியின் சிறை அனுபவத்தை வைத்து எழுதிய கடைசி ஓபராவை, அவர் இறந்த பிறகு மாணவர்கள் எடுத்துப் பார்த்து, ஐயோ, பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாரே என்று வாத்தியங்களைச் சேர்த்து நிரப்பி, முடிவையும் மகிழ்ச்சியாக மாற்றி 1930இல் மேடையேற்றினார்கள். அந்த மெலிந்த, எலும்பு தெரியும் ஒலிதான் அவர் வேண்டியது என்று புரியப் பல வருடம் ஆனது.

எதிலிருந்து தொடங்குவது? ‘சின்ஃபொனியெட்டா’. முதல் பகுதியில் 9 டிரம்பெட், 2 பேஸ் டிரம்பெட், 2 டெனர் டியூபா, டிம்பனி முரசு, அவ்வளவுதான். இரண்டரை நிமிடத்தில் காது சுத்தமாகிவிடும். அடுத்து தனியாக இருக்கும் ஒரு சாயங்காலத்தில் ‘புல் மூடிய பாதையில்’ என்ற பியானோத் தொகுப்பு. ஓல்காவின் நிழல் விழுந்தது. இரண்டாம் நால்வாத்தியப் படைப்பான ‘அந்தரங்கக் கடிதங்கள்’ மூன்று வாரத்தில் எழுதி முடித்தது. அதை உடனே கேட்காதீர்கள். கொஞ்சம் பழகிய பிறகு கேளுங்கள். இல்லையென்றால் மறுபடி ‘அறுந்துபோகிறது’ என்று எழுதுவீர்கள்.

பிறகு ‘தந்திரக்கார நரிக்குட்டி’. நாளிதழில் படங்களோடு தொடராக வந்த கதை. வீட்டு வேலைக்கார அம்மா அதைப் படித்து விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேட்டுத்தான் யானாச்செக்குக்கு அதன்மேல் கண் விழுந்தது. இதைச் சப்டைட்டில் உள்ள காணொளியாகப் பாருங்கள். கடைசியில், நரி செத்து வெகுநாள் கழித்து, கிழவனாகிவிட்ட வனக்காவலர் காட்டில் கண்ணயர்ந்து விழிக்கிறார். எதிரே அதே நரியின் சாயலில் ஒரு குட்டி. பிடிக்கக் கை நீட்டினால் அகப்படுவது ஒரு தவளை. மறுபடி நீயா, குளிர்ந்துபோன பிராணியே என்கிறார். அது திக்கித் திக்கிப் பதில் சொல்கிறது: அது நான் இல்லை, அது எங்கள் தாத்தா, உங்களைப் பற்றி எனக்குச் சொல்லியிருக்கிறார்.

1928 ஆகஸ்டில் கமிலாவும் அவருடைய மகனும் ஹுக்வால்டிக்கு வந்திருந்தபோது, பையனைக் காணோம் என்று யானாச்செக் காட்டில் தேடி அலைந்ததாகவும், அதில் சளி பிடித்ததாகவும் சொல்வார்கள். அது நிமோனியாவாகி, 12ஆம் தேதி ஓஸ்ட்ராவா நகரில் இறந்துபோனார். உடலைப் பிர்னோவுக்குக் கொண்டுவந்தார்கள். இறுதிச் சடங்கில் வாசித்தது அந்த வனக்காவலர் காட்சியைத்தான்.